வலது காலுக்கு ஒரு லாக் ஷீட்

2021 மாசியில் ஒரு ராத்திரி, இரண்டரை மணி இருக்கும். என் வீட்டுக்காரர் தூக்கத்தில் பிரேக் போட்டார். வலது காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி. கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் பட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "ஓரமாப் போ, ஓரமாப் போ" என்று கத்தினார். எழுப்பினேன். கனவில், கொடைக்கானல் மலைப்பாதையில் டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் எதிரே லாரி வந்துவிட்டதாம். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டார். காலையில் எழுந்ததும், "ராத்திரியெல்லாம் கால் வலி தாங்கல" என்றார். பார்த்தால் வலது கட்டைவிரல் ஓரம் நீலமாகக் கன்றியிருந்தது.

அவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பெரும்பாலும் திண்டுக்கல், வத்தலக்குண்டு, கொடைக்கானல் தடம்தான். 2014-ல் ஓய்வு பெற்றார். 2017-ல் வலது கை நடுங்கத் தொடங்கியது. அதோடு வலது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். மதுரையில் நரம்பியல் டாக்டர் பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் என்றார். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதியது 1817-ல், சரியாக 200 வருஷம் ஆகிறது என்றும் சொன்னார். தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். பெயரிலேயே நடுக்கம் இருப்பதால் நாங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். கால் வலியை வயசுக்கு வருவது என்று நாலு வருஷம் ஒதுக்கி வைத்தோம். 29 வருஷம் மலைப்பாதையில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மிதித்த கால், வலிக்காமல் என்ன செய்யும் என்பது அவருடைய கணக்கு.

கன்றிய விரலைக் காட்டப் போனபோது டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு எங்களிடம் பதில் இல்லை. எத்தனை மணிக்கு வலிக்கிறது? கடைசி மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து? எழுந்து நடந்தால் குறைகிறதா, கூடுகிறதா? விரல் மடங்குகிறதா, கெண்டைச் சதை உருள்கிறதா? "ராத்திரி வலிக்குது சார்" என்பதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர், "இது நம்ம லாக் ஷீட் மாதிரியில்ல இருக்கு" என்றார். வண்டி எடுத்த நேரம், விட்ட நேரம், டீசல் எல்லாம் எழுதிப் பழகியவர். அதற்குப் பிறகு நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. கை எழுத்து சின்னதாகிவிட்டதால் நேரத்தை அவர் சொல்வார், நான் எழுதுவேன்.

ஒரு மாதம் எழுதிய பிறகுதான் தெரிந்தது, நாங்கள் ஒரே வலி என்று நினைத்தது மூன்று வேறு வலிகள். மூன்றுக்கும் நேரம் வேறு, குணம் வேறு, கைமருந்தும் வேறு. இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் தையல் கடைக்கு வரும் பெண்களில் இரண்டு பேர் வீட்டில் இதே நோய் உண்டு. "அக்கா, ராத்திரி கால் வலிக்கு ஏதாவது இயற்கையாச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். எந்த மணி வலிக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முதல் வலி பத்து மணிக்கு, படுத்த கொஞ்ச நேரத்தில். அவர் அதை வலி என்றே சொல்லமாட்டார். "எலும்புக்குள்ள புழு ஊர்ற மாதிரி இருக்கு, காலை வச்சிருக்க முடியல" என்பார். எழுந்து நடந்தால் போய்விடும். படுத்தால் திரும்ப வந்துவிடும். இதற்கு அமைதியிழந்த கால்கள் என்று பெயர் சொன்னார்கள். பார்க்கின்சன் இல்லாதவர்களுக்கும் வரும், இருப்பவர்களுக்குக் கூடுதலாகவே வரும். டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், ஃபெர்ரிட்டின். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு அது. அவருக்கு ஹீமோகுளோபின் நன்றாகவே இருந்தது, ஆனால் ஃபெர்ரிட்டின் 22. இந்தக் கால் குறுகுறுப்பு உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பார்களாம். அந்த வயது ஆம்பிளைக்கு இரும்பு குறைந்தால் வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று அதற்கான சோதனைகளும் செய்தார்கள். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

இரும்பு மாத்திரையில் ஒரு கவனம் வேண்டும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லீவோடோபா மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். நாங்கள் இரும்பைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்துக்கொண்டோம், பாதி எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு. இரும்பு மலத்தைக் கட்டும். ஏற்கெனவே இந்த நோயில் மலச்சிக்கல் பெரிய பாடு. அதற்குச் சிறுமலை வாழைப்பழம் இரண்டு, சாயங்காலம். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள் செய்கிறேன். ஆனால் கீரையை மட்டும் நம்பி 22-ஐ ஏற்ற வருஷங்கள் ஆகும், மாத்திரை தேவைப்பட்டது. ஏழெட்டு மாதத்தில் பத்து மணி வரிகள் நோட்டில் பாதிக்கு மேல் குறைந்தன.

சாயங்கால டீயை நிறுத்தியதும் உதவியது. அவருக்கு அது லேசான காரியம் இல்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கெட்டியாக ஒரு டீ அடித்துவிட்டு மலை ஏறிய மனுஷன். இப்போது மதியத்தோடு டீ முடிந்தது, ஆறு மணிக்குச் சுக்கு மல்லித் தண்ணீர். இன்னொன்று, சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை போட்ட மூன்று நாளும் கால் குறுகுறுப்பு தலைக்கேறியது. தூக்கம் வரவழைக்கும் சளி, அலர்ஜி மாத்திரைகள் சில இதைக் கிளப்பிவிடும். அதைவிட முக்கியம், வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு. இந்த நோயில் மூளையில் குறைந்துபோகிற பொருள் டோபமைன், அதையே தடுக்கிற மருந்து அது, பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு ஆகாது. ஒரு முறை காய்ச்சல் வாந்தி என்று போன இடத்தில் அந்த ஊசியைப் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் அவர் கட்டைபோலக் கிடந்தார். இப்போது ஒரு அட்டையில் மருந்துப் பெயரை எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

குறுகுறுப்பு வந்த நேரத்துக்கு நாங்கள் செய்வது இது. முதலில் சொரசொரப்பான துண்டால் முழங்காலுக்குக் கீழே நன்றாகத் தேய்த்துவிடுவேன். பிறகு முற்றத்தில் பத்து நிமிடம் நடை, நான் கூடவே. திரும்ப உட்கார்ந்ததும் மனசை எதிலாவது கட்டிப்போட வேண்டும், சும்மா இருந்தால் கால் கூப்பிடும். நிறுத்தங்களை மலையிலிருந்து இறங்கிச் சொல்லச் சொல்வேன். கொடைக்கானல், சில்வர் காஸ்கேட், பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை, காட்ரோடு, வத்தலக்குண்டு. நடுவில் எங்கே எந்தக் கடை, எந்த வளைவில் எப்போது பஞ்சர் என்று கதை வரும். செம்பட்டி தாண்டுவதற்குள் பெரும்பாலும் கால் அடங்கிவிடும். மனசுக்கு வேலை கொடுத்தால் இந்தத் தொந்தரவு குறையும் என்று டாக்டரும் சொன்னார்.

இரண்டாவது வலி நடுராத்திரிக்கு மேல், ஒன்று முதல் மூன்றுக்குள். கெண்டை பிடித்துக்கொள்வது. கெண்டைச் சதை கல்லாக இறுகி, தொட்டால் உருண்டையாகத் தெரியும். இது எல்லா வயசானவர்களுக்கும் வருவதுதான். பார்க்கின்சனில் தசை விறைப்பும் சேர்ந்துகொள்வதால் அவருக்கு வாரத்தில் நாலு ராத்திரி வந்தது.

இதற்கு எங்களுக்குப் பலன் தந்தது காசில்லாத வைத்தியம். படுக்கப் போகுமுன் கெண்டைக்காலை நீட்டி இழுப்பது. நெதர்லாந்தில் 55 வயது தாண்டிய 80 பேரை வைத்து ஆறு வாரம் செய்து பார்த்து 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள், தினமும் படுக்குமுன் நீட்டி இழுத்தவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாய வேண்டும். கெண்டையில் இழுவை தெரியும். பத்து எண்ணும்வரை வைத்திருந்து விட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. அவருக்கு நிலை தடுமாறும் என்பதால் பின்னால் நான் நிற்பேன். ரொம்பத் தளர்ந்த நாளில் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, உள்ளங்காலின் முன்பக்கத்தில் துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் அவரையே இழுக்கச் சொல்வேன். கையும் வேலை செய்த மாதிரி ஆகும். நாலாவது வாரத்திலேயே நோட்டில் இரண்டு மணி வரிகள் குறைந்தன.

பிடித்துவிட்ட நேரத்தில் பதறிப்போய்க் கெண்டையை அமுக்கக் கூடாது. விரல்களை முழங்கால் பக்கமாக மெதுவாக மடக்கிப் பிடித்தால் சதை தானாக அவிழும். அதற்கப்புறம் ஒத்தடம். காடா துணியில் ஒரு சாண் நீளத்துக்குப் பை தைத்திருக்கிறேன், உள்ளே கல்லுப்பு. இரும்புச் சட்டியில் உப்பை வறுத்து, பையில் கொட்டி, முடிந்து, என் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் காலில் வைப்பேன். என் அண்ணிக்குச் சர்க்கரை வியாதி, காலில் உணர்ச்சி குறைவு. வெந்நீர்ப் பை வைத்துச் சூடு தெரியாமல் கொப்புளம் வந்து ஆறு வாரம் கட்டுப் போட்டார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கிறவர் கைதான் சூடு பார்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் தப்பு செய்துகொண்டிருந்தோம். ராத்திரி நாலு முறை சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கிறதே என்று அவர் பகலிலும் தண்ணீரைக் குறைத்துவிட்டார். உடம்பு வற்றினால் கெண்டை பிடிக்கும், மலம் கட்டும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இப்போது சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒன்றரை லிட்டர் என்று பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆறுக்கு மேல் தொண்டை நனைய மட்டும். மெக்னீசியம் மாத்திரை வாங்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். இரண்டு மாதம் போட்டும் நோட்டில் மாற்றமில்லை. வயசானவர்களின் கெண்டை பிடிப்புக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்றுதான் இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்கிறார்கள். அந்தக் காசுக்கு நல்ல வழுக்காத செருப்பு ஒன்று வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது வலிதான் கொடுமை. விடியற்காலை நாலு மணி. வலது காலின் விரல்கள் தானாகக் கீழ்நோக்கி மடங்கும், பாதம் உள்பக்கமாகத் திரும்பும். எவ்வளவு பலமாகப் பிரித்தாலும் பிரியாது. கெண்டை பிடிப்பு ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடும், இது முக்கால் மணி, ஒரு மணி நேரம் நிற்கும். அந்த வலியில் அவர் அழுது பார்த்திருக்கிறேன். திருமணமாகி 38 வருஷத்தில் நான் அவர் அழுது பார்த்தது அவர் அம்மா இறந்தபோது ஒரு முறை, அப்புறம் இதற்காக.

இதற்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், நொச்சி இலை போட்ட வெந்நீர், பிண்டத் தைலம். எல்லாம் கொஞ்சம் இதமாக இருக்கும், ஆனால் விரல் விரியாது. நோட்டைப் பார்த்த டாக்டர் ஒரே நிமிடத்தில் காரணம் சொன்னார். கடைசி மாத்திரை ராத்திரி ஒன்பதுக்கு, அடுத்தது காலை ஆறுக்கு. நடுவில் ஒன்பது மணி நேரம். லீவோடோபா ஒரு வேளைக்குச் சில மணி நேரம்தான் தாங்கும். விடியற்காலையில் மருந்து அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது, அப்போது தசை முறுக்கிக்கொள்கிறது. அவர் கேட்டுவிட்டு, "டீசல் தீந்து வண்டி இழுக்குது, அதானே சார்?" என்றார். டாக்டர் ஆமாம் என்றார்.

ராத்திரிக்கு மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக மாற்றினார்கள். அதிலும் முதல் மூன்று வாரம் பெரிய மாற்றம் இல்லை. அப்போதுதான் என் தப்பு ஒன்று பிடிபட்டது. நான் அந்த மாத்திரையை ஒரு டம்ளர் பாலோடு கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி பால் குடித்தால் நல்ல தூக்கம் வரும் என்று என் அம்மா காலத்திலிருந்து வந்த பழக்கம். பாலில் இருக்கும் புரதமும் லீவோடோபாவும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகும், மூளைக்குள் போவதும் அப்படியே. புரதம் கூட்டமாக வந்தால் மருந்து வெளியே நிற்க வேண்டியதுதான். பாலை நிறுத்தினேன். மாத்திரை வெறும் தண்ணீரோடு, பகல் வேளை மாத்திரைகள் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். ராத்திரிச் சாப்பாட்டில் பருப்பு, முட்டை, தயிரைக் குறைத்து, அவற்றை மதியத்துக்கு மாற்றினேன். புரதத்தையே விட்டுவிடக் கூடாது, உடம்பு இளைத்துவிடும். நேரம் மாற்றுவதுதான். இட்லியும் காரச் சட்னியும், இல்லையென்றால் ரவை உப்புமா, ஏழே முக்காலுக்குள் சாப்பாடு முடிந்துவிடும். அந்த மாதம் நாலு மணி வரிகள் 26-லிருந்து 9 ஆயின. கணக்கை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

இன்றைக்கும் அந்த 9 உண்டு. அந்த நேரத்தில் உதவுவது தரை. கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, பாதத்தைச் சிமெண்டுத் தரையில் தட்டையாக வைத்து, முழங்காலின் மேல் என் இரண்டு கையாலும் மெதுவாக அழுத்துவேன். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலில் எடை போட்டு நிற்பார். உடம்பின் எடை இறங்கும்போது விரல்கள் மெல்லப் பிரியும். விரல்களுக்கு நடுவே பஞ்சு சுற்றிய துணி உருளைகளை வைத்துவிட்டு உப்பு ஒத்தடம். கூடவே காலை மாத்திரை தலைமாட்டில் தயாராக இருக்கும். ஐந்து மணிக்கு அவரைச் சாய்த்து உட்காரவைத்துக் கொடுத்துவிடுவேன், டாக்டரிடம் கேட்டு மாற்றிய நேரம் அது. இதற்கும் கேட்காதவர்களுக்குப் பாதத் தசையில் ஊசி போடும் சிகிச்சையும் இருக்கிறது. இந்த நாலு மணி வலிக்கு எண்ணெயை மட்டும் நம்பி யாரும் மாதக்கணக்கில் கஷ்டப்பட வேண்டாம். நாங்கள் அப்படித்தான் ஆறு மாதம் வீணாக்கினோம்.

பூனைக்காலி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இயற்கை என்று கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி அரைக் கிலோ அனுப்பினார். அந்த விதையில் இருப்பது லீவோடோபாவேதான். 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்டபோது பெருமையாகவே இருந்தது. ஆனால் மாத்திரையும் போட்டுக்கொண்டு பொடியையும் பாலில் கலந்து குடித்தால் மருந்து இரண்டு பங்காகிவிடும், எவ்வளவு என்று அளவும் தெரியாது. அது தெரியாமல் நாங்கள் கொடுத்ததில் ஐந்தாம் நாள் அவர் உடம்பு தானாக நெளிய ஆரம்பித்தது. தோளும் காலும் ஆடிக்கொண்டே இருந்தன, வாந்தி வேறு. பொடியை நிறுத்திய பிறகு அடங்கியது. சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் நரம்பியல் டாக்டரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இரண்டு பேருக்கும் முழு மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

இந்த மூன்று வலிக்கும் சேர்த்து உதவிய ஒன்று படுக்கை, அது என் தொழில் சார்ந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பார்க்கின்சன் உள்ளவர்களால் தூக்கத்தில் புரள முடியாது. நாம் தெரியாமலே ராத்திரி எத்தனையோ முறை புரண்டு படுக்கிறோம். அவர் படுத்த நிலையிலேயே நாலு மணி நேரம் கிடப்பார். இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் அதிலேயே வலி கண்டுவிடும். எங்கள் இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்துபோயிருந்தது, குழிக்குள் கிடந்தவர் எப்படிப் புரள்வார்? அழுத்தமான மெத்தை மாற்றினோம். அப்புறம் பட்டு. வழுக்கும் துணி மேல் இடுப்பு இருந்தால் புரள்வது சுலபம் என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பெண் சொன்னாள். என்னிடம் பழைய சின்னாளப்பட்டிப் பட்டுப் புடவை ஒன்று இருந்தது, கரை கிழிந்தது. அதிலிருந்து 70 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டி, பருத்தி விரிப்பின் நடுவில், தோளிலிருந்து தொடைவரை வரும் இடத்தில் தைத்தேன். இரண்டு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் ஒரு முழம் செருகும்படி நீளம் விட வேண்டும், இல்லையென்றால் பட்டை சுருண்டு அவரோடு வந்துவிடும். கால் வரும் பகுதியில் பட்டு கூடவே கூடாது. புரள்வதற்குக் குதிகால் ஊன்ற வேண்டும், அங்கே பிடிமானம் வேண்டும். அதற்குச் சுங்குடிச் சேலைப் பருத்தித் துணி. எழுந்து உட்காரும் விளிம்பிலும் பருத்திதான், வழுக்கி விழுந்துவிடக் கூடாது. விரிப்பும் வழுக்கி, உடுத்துவதும் வழுக்கினால் ஆபத்து, அதனால் அவருக்குப் பருத்திக் கைலி. கட்டில் சட்டத்தில் ஒரு நூல் கயிறு, மூன்று முடிச்சு போட்டது, பிடித்து இழுத்துப் புரள்வதற்கு. முதல் ராத்திரி தானாக வலப்பக்கம் புரண்டுவிட்டு என்னை எழுப்பிச் சொன்னார், "இந்தாம்மா, நானே திரும்பிட்டேன்." மணி 1.40. அதையும் நோட்டில் எழுதினேன்.

எண்ணெய் தேய்ப்பதை நான் விடவில்லை. நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கி மேலேற்றித் தேய்ப்பேன், ஒவ்வொரு காலுக்கும் எட்டு நிமிடம். அந்த நேரத்தில் அவர் முகம் தளர்வதைப் பார்க்கிறேன், அது எனக்குப் போதும். ஆனால் உள்ளங்காலில் தேய்த்தால் உடனே துடைத்துவிட்டு, அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை மாட்டிவிடுவேன். ஒரு முறை எண்ணெய்க் காலோடு கழிவறைக்குப் போய் வழுக்கி, நல்லவேளை கதவைப் பிடித்துக்கொண்டார். வெந்நீரில் கால் வைத்து எழும்போதும் கவனம், இந்த நோயிலும் மருந்திலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்து எழ வேண்டும்.

தூக்கத்தில் பிரேக் போடுவது இந்த நோயோடு சேர்ந்ததுதான் என்று தெரிந்தபோது எனக்குப் பாதி பயம் போயிற்று. கனவு காணும்போது நமக்கெல்லாம் உடம்பு கட்டிப்போட்டது போல இருக்கும், இவர்களுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கால்மாட்டுப் பலகைக்கு ரஜாய்த் துணியால் மெத்தை உறை தைத்து மாட்டினேன், பக்கத்திலிருந்த டிரங்குப் பெட்டியை அடுத்த அறைக்கு மாற்றினேன், நான் ஒரு கை தூரம் தள்ளித் தனிக் கட்டிலில் படுக்கிறேன். இதற்கு மருந்தும் தந்திருக்கிறார்கள். கன்றிப்போன விரலோடு எழுந்த காலைகள் அதற்குப் பிறகு இல்லை.

எல்லாக் கால் வலியையும் பார்க்கின்சன் தலையில் போடவும் கூடாது. போன வருஷம் உள்ளங்கால் எரிகிறது என்றார். இது புதிது, நேரம் காலம் இல்லாமல் வந்தது. சோதித்தால் பி12 குறைவு. லீவோடோபா பல வருஷம் எடுப்பவர்களுக்கு அது குறைவதுண்டு என்று ஊசி போட்டார்கள், எரிச்சல் தணிந்தது. ஒரே காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் சூடும் வந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். எண்ணெய் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ நேரத்தைச் செலவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் காலை அமுக்கவே கூடாது.

என் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகன் சனி, ஞாயிறு திண்டுக்கல் வரும்போது அவன் அப்பா அறையில் படுக்கிறான், நான் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். முதலில் அதற்கு மனசு ஒப்பவில்லை. ஒரு நாள் மிஷினில் ஊசி விரலில் ஏறியது, அதற்கப்புறம் ஒப்புக்கொண்டேன். அந்த இரண்டு ராத்திரியின் வரிகளும் நோட்டில் அவன் கையெழுத்தில் இருக்கும்.

இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு. அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறோம், நேற்றைய பக்கத்தை அப்படியே தருகிறேன். "9.00 மாத்திரை, தண்ணீர். 9.40 சுவர் நீட்டல், இரண்டு கால். 10.25 குறுகுறுப்பு, முற்றத்தில் நடை, பெருமாள்மலை வரை சொன்னார். 1.15 சிறுநீர், தானே புரண்டு எழுந்தார். 4.20 விரல் மடங்கல், தரையில் நின்றார், 12 நிமிடம். 5.00 மாத்திரை." அதற்குக் கீழே அவர் சொல்லி எழுதியது: "மழை. தூங்கினோம். 6.50 வரை."